மழையைப் போய் விஷம்னு சொல்லலாமா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். இருக்கிற எட்டு நிமிஷத்துல வணக்கத்துக்கு இவ்வளவு போதும்.

'லாவிஷ்' என்ற ஆங்கிலச் சொல் பெரிதும் சுட்டுவது ஊதாரித்தனமா, தாராளமா? தாராளமே! எதிரணி நண்பர் என்ன சொன்னார்? "லாவிஷ்ல 'விஷ்' இருக்கு, ஒரு 'அம்' சேர்த்துப் பாருங்க, விஷம்!" நீங்க கை தட்டினீங்க. நானும்தான் தட்டினேன்.

ஐயா, சொல்லுல இல்லாத 'அம்'மைக் கொண்டுவந்து ஒட்டினது யாரு? அதுக்குப் பேரு விஷம் இல்லைங்க, விஷமம்! முதல்ல, அந்த 'லா'வை அப்படி நீட்டவே கூடாது. பூனைக்கு ஆங்கிலத்துல 'கேட்'னு சொல்றப்ப வர்ற குறுகின ஒலிதான் அங்கேயும். அழுத்தமும் முதல் அசையிலதான். நண்பர் மொத்த அழுத்தத்தையும் கடைசியில கொண்டுபோய் வெச்சார், விஷம் வந்துடுச்சு. போகட்டும், மேடைக்காக நானும் லாவிஷ்னே சொல்றேன்.

அந்தச் சொல் எங்கேயிருந்து வந்துச்சு? பழைய பிரெஞ்சுல 'லவாஸ்'. அப்படின்னா கொட்டித் தீர்க்கிற மழை! 15ஆம் நூற்றாண்டு வாக்குல ஆங்கிலத்துக்குள்ள வந்தது. அதுக்கும் அடியில இருக்கிற வேர், 'கழுவு'. லாண்டரி, லாவட்டரி எல்லாம் இதோட சொந்தக்காரங்க. (லாவட்டரியைச் சொல்லியிருக்கக் கூடாது. எதிரணியில பேனாவை எடுத்துட்டாங்க.)

மழைன்னதும் பாருங்க, நாம 'பாராட்டு மழை பொழிந்தார்'னு சொல்றோம். அவங்க 'லாவிஷ்'னு வினைச்சொல்லாப் போடுறாங்க. கொடுக்கிற பொருள் முதல்ல வரும், வாங்குற ஆளுக்கு முன்னால 'ஆன்': லாவிஷ்டு ப்ரெய்ஸ் ஆன் ஹிம். 'வித்' போட்டு மாத்தி எழுதறவங்களும் உண்டு. குழப்பம் வந்தா மழையை நினைச்சுக்குங்க. மழை மேலதானே பொழியும்? 'ஆன்' வந்துடும்.

இப்ப ஒருத்தர் கதை. மேலதிகாரி விருந்து வெச்சார். இவர் அகராதியை விரிச்சுக்கிட்டு நன்றிக் கடிதம் எழுத உட்கார்ந்தார். "உங்கள் எக்ஸ்ட்ராவகன்ட் விருந்துக்கு நன்றி." அதிகாரி முகம் சுருங்கிப்போச்சு. அந்தச் சொல்லுக்கு லத்தீன் மூலத்துல 'எல்லை தாண்டி அலைதல்'னு பொருள். ஹாம்லெட் நாடகத்துல அலையற ஆவிக்கே அந்த அடைமொழி உண்டு! அதாவது, 'ஐயா, வரம்பு மீறிச் செலவழிச்சீங்க'ன்னு அர்த்தம். சரின்னு திருத்தி எழுதினார்: "ப்ராடிகல் விருந்து." பைபிள்ல 'ப்ராடிகல் சன்'னு ஒரு கதை உண்டு; அதுல மகன் திரும்பி வந்ததால, 'திரும்பி வந்தவன்'னு அதுக்குப் பொருள் எடுத்துக்கிட்டார். 'மறுபடி கூப்பிடுங்க, திரும்பி வர்றேன்'னு சொன்னதா அவருக்கு நினைப்பு! ஆனா பொருள், சொத்தை அழிச்சவன். அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்துட்டார். மூணாவது கடிதம், "ப்ராஃப்ளிகேட்." இது ஒழுக்கம் கெட்டு வாரி இறைக்கிறவனுக்கு! அதிகாரி கதவைக் காட்டினார். நாலாவதா, வாசல்ல நின்னுக்கிட்டே எழுதினார்: "லாவிஷ் விருந்து." அதிகாரி சிரிச்சார். "உட்காருங்க"ன்னார்!

நாலு சொல்லுல நாற்காலி வாங்கிக் கொடுத்தது எது?

'லாவிஷ் ஸ்பெண்டிங்'னு எழுதினா குத்துதேன்னு கேட்பாங்க. குத்தும். அது பக்கத்துல வந்து உட்கார்ந்த சொல்லோட குத்தம். இதோட அடிக்கடி சேர்ந்து வர்ற மத்த சொற்களைப் பாருங்க: பாராட்டு, பரிசு, கவனிப்பு, பாசம்.

பாசம், நடுவர் அவர்களே. தூங்குற குழந்தையோட நெத்தியில தாய் முத்தம் வைக்கிறா. ஒண்ணு வெச்சுட்டு, போக மனசில்லாம இன்னொண்ணு வைக்கிறா. குழந்தைக்கு இது தெரியவே தெரியாது. விடிஞ்சா ஞாபகமும் இருக்காது. முழிச்சிருக்கறப்ப கொடுத்தது போதாதா, இதென்ன ஊதாரித்தனம்னு நண்பர் கேட்கட்டும்.

என்கிட்ட இல்லைங்க. இன்னைக்கு ராத்திரி வீட்டுக்குப் போய், அவங்க அம்மாகிட்ட கேட்கட்டும்!