தண்டையார்பேட்டை டு மதுரை: விமானத்தில் நிஜமாகவே ஒன்றேகால் மணி நேரம்தானா?

வணக்கம் மக்களே! தண்டையார்பேட்டை மெட்ரோ வாசலில் நிற்கிறேன். பின்னால் கண்டெய்னர் லாரி சத்தம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் அது இல்லாமல் வீடியோ எடுக்க முடியாது.

சென்னையிலிருந்து மதுரைக்கு விமானத்தில் எவ்வளவு நேரம் என்று போனில் தேடினால், ஒன்றேகால் மணி நேரம் என்று வருகிறது. நம்ம ஏரியாவில் பலர் அதை மட்டும் பார்த்துவிட்டு டிக்கெட் போடுகிறார்கள்.

இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே நேர்க்கோட்டில் 420 கிலோமீட்டர்கூட இல்லை. சாலையில் 460 சொச்சம், ரயிலில் 490 சொச்சம். மணிக்கு 800 கிலோமீட்டர் போகிற ஜெட் அரை மணியில் போய்விட வேண்டுமே? டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் மட்டும் இல்லை. நின்ற இடத்திலிருந்து விமானம் நகரும்போதே கணக்கு தொடங்கிவிடும், மதுரையில் போய் நின்றால்தான் முடியும். மீனம்பாக்கத்தில் ஓடுபாதை வரை ஊர்ந்து போக வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும். காற்று கிழக்கிலிருந்து அடித்தால் கடலைப் பார்த்து ஏறி, அப்புறம்தான் தெற்கே திரும்ப முடியும். முழு வேகம் பிடித்த கொஞ்ச நேரத்திலேயே இறங்கவும் ஆரம்பித்துவிடுவார்கள். அதனால்தான் மணிக்கு 500 கிலோமீட்டர் போகிற ஏடிஆர், அதுதான் விசிறி வைத்த சின்ன விமானம், இந்த ரூட்டில் ஜெட்டைவிட ரொம்பப் பின்தங்குவதில்லை. எனக்கு ஏடிஆர்தான் பிடிக்கும். இறக்கை மேலே இருப்பதால் கீழே ஏரி, குளமெல்லாம் மறைக்காமல் தெரியும்.

சரி, நம்ம வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போடுவோம். இங்கிருந்து நீல வழித்தடத்தில் மாறாமல் ஏர்போர்ட் போகலாம், 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீட்டியதால் வந்த வசதி. ஒரு மணி நேரம் என்று வையுங்கள். கவுண்டரை ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள், செக்யூரிட்டி வரிசை வேறு. அதனால் ஒன்றரை மணி முன்னால் அங்கே இருக்க வேண்டும். மதுரையில் பெட்டி வர இருபது நிமிடம், ஊருக்குள் போக டாக்சியில் அரை மணி. கூட்டினால் ஐந்து மணி நேரத்தை நெருங்கிவிடும். விடியற்காலை விமானம் என்றால் அந்த நேரத்துக்கு மெட்ரோவும் கிடையாது, டாக்சிக்குத் தனியாக அழ வேண்டும்.

எழும்பூர் நமக்குப் பக்கம். சென்ட்ரலில் பச்சைத் தடத்துக்கு மாறினால் அடுத்த ஸ்டேஷன். மதியம் அங்கிருந்து கிளம்பும் திருநெல்வேலி வந்தே பாரத் சுமார் ஐந்தரை மணி நேரத்தில் மதுரை சேர்க்கும். ஜங்ஷனில் இறங்கினால் மீனாட்சி அம்மன் கோயிலுக்கு நடந்தே போகலாம். வாசல் டு வாசல் பார்த்தால் விமானத்தில் மிச்சமாவது ஒன்று, மிஞ்சினால் ஒன்றரை மணி நேரம். வேளச்சேரிக்காரர் கணக்கு வேறு, அவருக்கு ஏர்போர்ட் கூப்பிடு தூரம். வடசென்னைக்கு என் ஓட்டு ரயிலுக்குத்தான்.

ஒரு விதிவிலக்கு உண்டு. மதுரை விமான நிலையம் ஊருக்குத் தெற்கே, பெருங்குடி பக்கம். போகிற இடம் திருமங்கலம், அருப்புக்கோட்டை என்றால் ஊருக்குள் நுழையாமல் அப்படியே போய்விடலாம், விமானம் லாபம். மேலூர், வாடிப்பட்டி என்றால் இறங்கிய பிறகு ஊரைத் தாண்டி வர வேண்டும், அந்த டாக்சிக் காசையும் டிக்கெட்டோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.