இரண்டு செங்கல் இடைவெளி

நேயர்களுக்கு வணக்கம். பர்மாவில் மாண்டலே நகருக்கு வடக்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தவுங்பியோன் என்னும் சிற்றூரில், ஆகஸ்ட் மாதவாக்கில், பௌர்ணமியை ஒட்டி நடைபெறும் நாட் திருவிழாவுக்குச் சென்று வந்தேன்.

நாட் என்போர் பர்மிய மக்கள் புத்தரோடு சேர்த்தே வழிபட்டு வரும் ஆவித் தெய்வங்கள். அவர்களுள் முதன்மையான 37 பேரில் பெரும்பாலோர் அகாலமாக மாண்டவர்கள். தவுங்பியோனின் நாயகர்களான அண்ணன் தம்பி இருவரும் அவ்வாறே. கப்பல் உடைந்து கரை ஒதுங்கிய முஸ்லிமான பியாட்டாவுக்கும், போப்பா மலையில் மலரையே உண்டு வாழ்ந்த அரக்கிக்கும் பிறந்தவர்கள் என்கிறது ஐதிகம். 11ஆம் நூற்றாண்டில் பகானை ஆண்ட அனோரதா மன்னர் இங்கே பகோடா என்னும் புத்தக் கோயிலை எழுப்பியபோது, ஆளுக்கொரு செங்கல் வைக்கும்படி ஆணையிட்டார். விளையாட்டில் மூழ்கி அதைச் செய்யத் தவறிய இருவரும் கொல்லப்பட்டார்கள். அந்த இரண்டு கற்களுக்குரிய இடம் சுவரில் இன்றும் வெற்றாகவே இருக்கிறது. பின்னால் கூட்டம் நெருக்கியபோதும் அங்கிருந்து நகர எனக்கு மனம் வரவில்லை. கொன்ற மன்னருக்கு அல்ல, கொல்லப்பட்ட பிள்ளைகளுக்கே இங்கே விழா.

ஆட்டம் பந்தல்களில் நடக்கிறது. வட்டச் சட்டத்தில் தொங்கும் 21 முழவுகளின் நடுவே கலைஞர் அமர்ந்திருக்கிறார். சோறும் சாம்பலும் பிசைந்த பசையை ஒவ்வொரு தோலிலும் அப்பிச் சுருதி சேர்க்கிறார். நம் மிருதங்கத்தின் இடந்தலையில் ரவைப் பசை இடுவதை அறிந்தவர்களுக்கு அந்த விரல்களின் வேலை உடனே புரிந்துவிடும். தாளம் ஏறியதும், தெய்வத்தின் துணைவியாகக் கருதப்படும் நாட்கடோ, பட்டும் சரிகையும் அணிந்து, தேங்காயும் வாழைப்பழமும் படைத்த தட்டின் முன் ஆடத் தொடங்குகிறார். குடியும் சூதும் விரும்பிய கோ ஜீ ஜோ என்ற நாட் இறங்கும்போது, அதே உடல் மதுப்புட்டியுடன் தள்ளாடுகிறது. பக்தர்கள் ரூபாய்த்தாள் போன்ற சாட் தாள்களை ஆடையில் செருகிக் குறி கேட்கிறார்கள்.

நாட்கடோக்களில் பலர் பெண்ணுடை தரித்த ஆண்களும் திருநங்கையரும் ஆவர். ஊரார் மண்டியிட்டு அவர்களிடம் வாழ்த்துப் பெறுவதைக் கண்டு நெகிழ்ந்தேன்.

பியாட்டாவின் சமயத்தை மதித்து, விழாவுக்கு வருவோர் பன்றி இறைச்சியைத் தவிர்க்கிறார்கள். இங்கே விழா முடிந்ததும், பிள்ளைகளைப் பறிகொடுத்த அந்தத் தாய்க்கு அமரபுரத்தை அடுத்த யடனாகுவில் எடுக்கும் விழாவுக்குப் பக்தர்கள் பலரும் புறப்படுகிறார்கள்.