கிணறு ஏறியது தூர் வாரியதாலா, மழையாலா?

நேயர்களுக்கு வணக்கம். மதுரைப் பக்கம் கிராமங்களில் அடிக்கடி காதில் விழுகிற பேச்சு இது: "கண்மாயைத் தூர் வாரினோம், கிணற்றில் தண்ணீர் ஏறிவிட்டது." ஏறியது உண்மைதான். ஆனால் அதில் எவ்வளவு தூர் வாரியதால் ஏறியது?

கண்மாய்களைத் தூர் வாரிச் சீராக்கும் தமிழக அரசின் குடிமராமத்துப் பணிகள் 2017-ல் தொடங்கின. அதற்கு முந்தைய 2016-ல் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 60 சதவீதத்துக்கும் மேல் குறைவு. அப்படி வறண்ட வருடத்துக்குப் பிறகு ஓரளவு மழை பெய்தாலே, மண்வெட்டி படாத ஊரிலும் கிணறு ஏறத்தான் செய்யும். முன்பு இவ்வளவு, இப்போது இவ்வளவு என்று கழித்துப் பார்த்தால் மழையின் பங்கும் தூர் வாரிய கணக்கில் சேர்ந்துவிடும்.

தூர் வாராமல் விட்டிருந்தால் அதே கண்மாய் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் நமக்குத் தெரிய வேண்டும். அது நடக்கவே இல்லை, அதனால் கணக்குப் போட்டுத்தான் பிடிக்க வேண்டும். தூர் வாராத நாலைந்து கண்மாய்களை எடுத்து, இதில் பாதி, அதில் கால் என்று கலந்து, வேலைக்கு முந்தைய பல வருடக் கிணற்று மட்டத்தில் நம் கண்மாயோடு ஒட்டிப் போகிற ஒரு கோட்டை வரைகிறோம். வேலைக்குப் பிறகு இரண்டு கோடும் விலகுகிற அளவுதான் பலன். கலிபோர்னியாவில் 1988-ல் வாக்கெடுப்பில் நிறைவேறிய சிகரெட் வரிச் சட்டத்தை இப்படித்தான் அளந்தார்கள். அங்கே விற்பனை முன்பே இறங்குமுகம்தான், இருந்தும் 2000-ல் தலைக்குச் சுமார் 26 பாக்கெட் குறைந்தது சட்டத்தால் என்று பொருளாதார அறிஞர் அபாடியும் உடன் ஆய்வாளர்களும் 2010-ல் கணக்கிட்டார்கள்.

நம் ஊரில் இதைச் செய்யும்போது ஒன்றில் ரொம்பக் கவனம் வேண்டும். கண்மாய்கள் சங்கிலியாக இருப்பவை, மேல் கண்மாய் நிறைந்து மறுகால் போனால்தான் கீழ்க் கண்மாய்க்கு வரத்து. மேலே ஆழம் கூடினால் மறுகால் தள்ளிப்போகும், கீழே தண்ணீர் குறையும். அந்தக் கீழ்க் கண்மாயை ஒப்பிட எடுத்தால் அதன் நஷ்டமும் நம் லாபமாகத் தெரியும். அதனால் ஒரே மாதிரி மழை பெறுகிற வேறு சங்கிலியில்தான் தேட வேண்டும்.

அப்புறம், தூர் வாராத கண்மாய் ஒன்றுக்கும் வாரியதாக வைத்து இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். அங்கேயும் அதே அளவு விலகல் வந்தால் நம் விடையை நம்ப முடியாது.

உங்கள் ஊரில் அடுத்து தூர் வாரப் போகிறார்கள் என்றால், ஜேசிபி இறங்கும் வரை காத்திருக்காதீர்கள். கல் கட்டிய கயிறு போதும், ஆயக்கட்டுக் கிணறுகளை இப்போதிருந்தே மாதம் ஒருமுறை அளந்து எழுதி வையுங்கள். வேலை நடக்காத ஊர்க் கிணறுகளையும் சேர்த்து.