அவள் முகப்பில், அவர் இரண்டாங்கட்டில்: குணம் வேறானால் பொருத்தம் போய்விடுமா?

[திரையில்: செட்டிநாட்டு வீடு ஒன்றின் முகப்பு. வாசலில் நின்று பார்த்தால் நேராகப் பின்வாசல் வரை தெரிகிறது.]

வணக்கம். இந்த வீட்டை ஒரு நிமிடம் பாருங்கள். காரைக்குடிப் பக்கம் எங்கள் அப்பச்சி வீடு; அப்பாவை நாங்கள் அப்பச்சி என்போம். முன்னால் முகப்பு, இரண்டு பக்கமும் திண்ணை. உள்ளே போனால் வளவு, நடுவில் முற்றம், சுற்றிலும் அறைகள். அதற்கும் பின்னால் இரண்டாங்கட்டு, அடுப்படி, பின்வாசல்.

என் ஆச்சிக்கு, அதாவது என் அக்காவுக்கு, இந்த வீட்டில் பிடித்த இடம் முகப்பு. தெருவில் யார் போனாலும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுவாள். அயித்தானுக்கு, அதாவது அவள் கணவருக்கு, பிடித்தது இரண்டாங்கட்டுத் தூண் ஓரம். அங்கே யாரும் அதிகம் வர மாட்டார்கள். அவர்களுக்குக் கல்யாணமான புதிதில் நடந்த சண்டைகள் எல்லாம் இந்த இரண்டு இடத்தைப் பற்றித்தான்.

ஒன்று சொல்கிறேன். அப்பச்சியின் சாந்திக் கல்யாணம், அறுபது நிறைவு. வீடு நிறையச் சொந்தக்காரர்கள். மத்தியானப் பந்தி முடிந்ததும் மாப்பிள்ளையைக் காணோம். பெரியவர்கள் ஆளாளுக்கு "மாப்பிள்ளை எங்கே?" என்று கேட்கிறார்கள். எங்கள் பக்கம் மாப்பிள்ளை சபையில் இல்லையென்றால் அது சின்ன விஷயம் இல்லை. ஆச்சி தேடிப் போனாள். அயித்தான் தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். "எங்க வீட்டு ஆளுகளைப் பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லிருங்க" என்றாள். அவர் பதில் பேசவில்லை. திரும்பக் கேட்டாள். எழுந்து பின்வாசல் வழியாகப் போய்விட்டார். அப்புறம் மூன்று நாள் பேச்சே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் யாரோ அவளுக்கு ஆளுமைத் தேர்வு ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். மொத்தம் 16 வகை. ஆச்சிக்கு வந்தது எக்ஸ்ட்ரோவெர்ட், அதாவது ஆட்களோடு கலந்து பழகும் புறமுக வகை. அயித்தானுக்காக அவளே பதில் போட்டுப் பார்த்ததில் வந்தது இன்ட்ரோவெர்ட், அதாவது தனிமையை விரும்பும் அகமுக வகை. கூடவே வந்த அட்டவணையில் இந்த இரண்டும் சேரும் கட்டத்தில் சிவப்பு. எனக்கு ஃபோன் போட்டு, "எங்களுக்குப் பொருத்தமே இல்லையாம்டி" என்றாள். குரல் உடைந்திருந்தது. அந்த ஃபோனுக்கு அன்றைக்கு நான் சொல்லத் தெரியாத பதிலைத்தான் இந்த வீடியோவில் சொல்லப் போகிறேன்.

[திரையில்: 1921]

அகமுகம், புறமுகம் என்ற பிரிவைப் பிரபலமாக்கியவர் சுவிட்சர்லாந்து உளவியலாளர் கார்ல் யுங், 1921-இல். அவருடைய கருத்தை எடுத்து, அமெரிக்காவில் கேத்தரின் பிரிக்ஸ், இசபெல் மையர்ஸ் என்ற தாயும் மகளும் கேள்வித்தாளாக மாற்றினார்கள். இருவரும் உளவியல் படித்தவர்கள் இல்லை. எதிரெதிர்க் குணங்களாக நாலு இரட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம், ஆக 16 வகை.

இதில் என்ன சிக்கல் என்றால், மனிதர்கள் அப்படி இரண்டு கூடையில் விழுவதில்லை. உயரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் நெட்டையும் உண்டு, குட்டையும் உண்டு; நடுத்தரம்தான் அதிகம். நடுவில் ஒரு கோட்டைப் போட்டு இந்தப் பக்கம் நெட்டை, அந்தப் பக்கம் குட்டை என்றால், கோட்டை ஒட்டி நிற்கிறவர் என்ன ஆவார்? அதனால்தான் ஒரே ஆள் சில வாரம் கழித்து அதே தேர்வை எழுதினால் வகை மாறிவிடுவது சகஜம். இன்றைக்கு ஆய்வாளர்கள் பெரும்பாலும் வகை பிரிப்பதில்லை. ஐந்து குணங்களை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றும் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கிறார்கள்.

நமக்கும் இது புதிதில்லை. பத்துப் பொருத்தத்தில் கணப் பொருத்தம் பார்க்கிறோமே, அது வேறென்ன? 27 நட்சத்திரத்தை ஒன்பது ஒன்பதாகப் பிரித்து தேவ கணம், மனுஷ கணம், ராட்சச கணம் என்று குணத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டு பேருடைய குணம் ஒத்துப்போகுமா என்ற பயம் பழையது. அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். பெண்ணைக் கொடுக்கிற வீட்டில் அது இருக்கத்தான் செய்யும்.

சரி, ஒரே குணம் உள்ளவர்கள் அதிகச் சந்தோஷமாக இருக்கிறார்களா? ஆஸ்திரேலியா, பிரிட்டன், ஜெர்மனி ஆகிய மூன்று நாடுகளின் ஆயிரக்கணக்கான தம்பதிகளின் விவரங்களை வைத்து 2010-இல் ஓர் ஆய்வு வந்தது. குணம் ஒத்திருப்பதால் கிடைக்கும் கூடுதல் திருப்தி அனேகமாக ஒன்றுமில்லை என்று தெரிந்தது. 2020-இல் இன்னும் பெரியது: 43 ஆய்வுகளின் தரவு, 11,000-க்கும் மேற்பட்ட தம்பதிகள். திருப்தியை எது முன்கூட்டிச் சொல்கிறது என்று கணினியைத் தேட விட்டார்கள். துணை எப்படிப்பட்ட குணம் உடையவர் என்பது சொன்னது மிகக் குறைவு. 'இவர் என்னை விட்டுப் போக மாட்டார்' என்ற நம்பிக்கை, 'என் அருமை இவருக்குத் தெரிகிறது' என்ற உணர்வு, சண்டை எப்படிப் போகிறது என்பது, இவைதான் நிறையச் சொல்லின.

[திரையில்: முகப்பிலிருந்து கேமரா மெதுவாக இரண்டாங்கட்டு நோக்கி நகர்கிறது.]

இப்போது அந்தத் தூண் ஓரத்துக்குத் திரும்பிப் போவோம்.

ஒருவர் துரத்த, இன்னொருவர் விலகுகிற சண்டை ஒன்று இருக்கிறது. தம்பதிகளை ஆராய்ந்தவர்கள் பல நாடுகளில் இதைப் பார்த்திருக்கிறார்கள். ஒருவர் பேசித் தீர்க்கப் பார்ப்பார். மற்றவர் ஒதுங்குவார். ஒதுங்க ஒதுங்க முதலாமவரின் குரல் ஏறும். குரல் ஏற ஏற இவர் இன்னும் தள்ளிப் போவார். ஆச்சிக்கு அவருடைய மௌனம் 'நீ எனக்கு வேண்டாம்' என்று கேட்டது. அயித்தானுக்கு அவளுடைய கேள்வி 'நீ தேறாத ஆள்' என்று கேட்டது. இரண்டுமே அவர்கள் சொல்லாத வாக்கியங்கள்.

விலகுகிறவர் உடம்பில் நடப்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் ஜான் காட்மன் தம்பதிகளை அவர்கள் பேசும்போதே இதயத் துடிப்பை அளந்து கவனித்தவர். வாக்குவாதத்தில் துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டினால் எதிரில் இருப்பவர் சொல்வது சரியாகக் காதில் ஏறாது என்கிறார். அடங்குவதற்குக் குறைந்தது 20 நிமிடம் வேண்டும். வெளியே கல் மாதிரி நிற்கிற ஆளுக்கு உள்ளே மேளம் அடித்துக்கொண்டிருக்கலாம். ஆச்சியிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அவளுக்கு அது அபூர்வம்.

பேசுகிறவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அதை நான் லேசாக விட மாட்டேன். அதே காட்மன் புதுத் தம்பதிகளின் சின்னச் சின்ன அழைப்புகளைக் கவனித்தார். "இங்க பாருங்களேன்" என்பது மாதிரி. ஆறு வருடம் கழித்துப் பார்த்தால், சேர்ந்து இருந்தவர்கள் 100 அழைப்பில் 86-க்குத் திரும்பிப் பார்த்திருந்தார்கள். பிரிந்துபோனவர்கள் 33-க்குத்தான். திரும்பிப் பார்க்க அதிகம் பேசத் தேவையில்லை. பேப்பரைக் கீழே வைத்தால் போதும். அயித்தான் வைக்காமல் இருந்தார். அது அவர் குணத்தின் குற்றம் இல்லை, பழக்கத்தின் குற்றம்.

அவர்கள் செய்த மாற்றம் ரொம்பச் சின்னது. அயித்தான் ஒதுங்கலாம், ஆனால் நேரம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். "அரை மணி நேரத்தில் வந்துருவேன்." சொன்ன நேரத்தில் அவரே வர வேண்டும், பேச்சையும் அவரே எடுக்க வேண்டும். அந்த அரை மணி நேரம் ஆச்சி பின்னால் போகக் கூடாது. முதல் சில மாதம் இரண்டு பேரும் தவறினார்கள். அவர் நேரத்தை மறந்தார், இவள் பத்தாவது நிமிடத்தில் எட்டிப் பார்த்தாள். விடாமல் செய்தார்கள்.

ஒரு எச்சரிக்கை. வாரக்கணக்கில் பேசாமல் இருந்து பணிய வைப்பது வேறு. அடி, மிரட்டல், எல்லோர் முன்னாலும் இழிவாகப் பேசுவது வேறு. 'அவர் குணம் அப்படி' என்று அதற்குப் பெயர் வைத்துப் பொறுத்துக்கொள்ளாதீர்கள். வீட்டுப் பெரியவர்களிடமோ ஆலோசகரிடமோ போங்கள், தேவைப்பட்டால் பெண்களுக்கான உதவி எண் 181.

எங்கள் நகரத்தார் சமூக வழக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. கல்யாணமானவர்களை 'வேறு வைப்பார்கள்'. அதே வீடுதான், அதே வளவுதான். ஆனால் புதுத் தம்பதிக்குத் தனி அறை, தனி அடுப்பு, தனிக் கணக்கு. நகரக் கோவில் கணக்கில் அவர்கள் இருவரும் சேர்ந்து ஒரு புள்ளி, அதாவது தனிக் குடும்பம். இவ்வளவு பெரிய குடும்பத்துக்கு நடுவில் இரண்டு பேருக்கு என்று ஓர் இடம் ஒதுக்க வேண்டும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். அதற்குள்ளே ஒவ்வொருவருக்கும் ஓர் இடத்தை ஆச்சியும் அயித்தானும் தாங்களாகவே ஒதுக்கிக்கொண்டார்கள்.

[திரையில்: அதே முகப்பு. கோலம், வாழைமரம்.]

போன வருடம் அப்பச்சிக்கு எழுபது, பீமரத சாந்தி. அதே வீடு, அதே கூட்டம். பந்தி முடிந்ததும் அயித்தான் ஆச்சி பக்கத்தில் வந்து குனிந்து என்னவோ சொல்லிவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் திண்ணையிலிருந்து ஒரு பெரியவர் கேட்டார், "மாப்பிள்ளை எங்க ஆத்தா?"

"உள்ள இருக்காக. நாலு மணி காப்பிக்கு வந்துருவாக" என்றாள் ஆச்சி, பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தபடி.

நாலு மணிக்கு அவர் வந்தார்.