ஃபோர்க்கில் பெயிண்ட் பெயர்ந்துவிட்டதா? வீட்டிலேயே சரி செய்யலாம்

[காட்சி: பைக்கின் முன்சக்கரம், ஃபோர்க்கின் கீழ்ப்பகுதி நெருக்கத்தில்]

வணக்கம். முன்சக்கரத்தை இருபுறமும் தாங்கும் இந்தக் கறுப்பு ஃபோர்க்கைப் பாருங்கள், கடுகைச் சிதறவிட்ட மாதிரி வெள்ளைப் புள்ளிகள். ராதாபுரம், வள்ளியூர் பக்கம் ஜல்லி லாரிக்குப் பின்னால் தினமும் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இது பழகிய காட்சிதான்.

பெயிண்ட் டப்பாவைத் தொடுவதற்கு முன், அடி எங்கே பட்டிருக்கிறது என்று பாருங்கள். மேலே பளபளக்கும் பைப், குரோம் பூசிய எஃகு. ஆயில் சீலுக்குள், அதாவது ஃபோர்க் ஆயில் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையத்துக்குள், ஏறி இறங்குவது அதுதான். அதில் பெயிண்ட் அடிக்கவே கூடாது. நகத்தால் தடவும்போது குழி தட்டுப்பட்டால், அது சீலின் உதட்டை அறுத்துவிடும், ஆயில் கசியும். அது மெக்கானிக் பார்க்க வேண்டிய வேலை. நாம் தொடப்போவது கீழே இருக்கும் பாட்டத்தை மட்டும். பெரும்பாலான வண்டிகளில் அது அலுமினிய வார்ப்பு.

[காட்சி: வெள்ளைப் பொடி பூத்த இடம்]

அலுமினியம் இரும்பு போலச் சிவப்பாகத் துருப்பிடிக்காது, வெள்ளைப் பொடியாகப் பூக்கும். உவரி, இடிந்தகரை மாதிரி கடலோரத்தில் நிற்கும் வண்டியில் இது இன்னும் மோசம். உப்பு, பெயர்ந்த ஓரத்தின் வழியாகப் பெயிண்டுக்கு அடியில் நுழைந்துவிடும். வெளியே துவரம்பருப்பு அளவுதான் தெரியும். நகத்தால் நெம்பினால் பத்து ரூபாய்க் காசு அளவுக்கு உரிந்து வரும். உரியட்டும், விடுங்கள். பெயிண்ட் இறுக்கமாகப் பிடித்திருக்கும் இடம் வரை எடுத்தே ஆக வேண்டும். பொடியின் மேலேயே புதுப் பெயிண்ட் அடித்தால் அடுத்த மழைக்காலத்தில் அதே இடம் கொப்பளிக்கும்.

சரி, முதலில் கழுவுவோம். எண்ணெய்ப் பிசுக்குக்கு மண்ணெண்ணெய், அப்புறம் சோப்புத் தண்ணீர். நன்றாகக் காய்ந்த பிறகு துணியில் கொஞ்சம் தின்னர் தொட்டுத் துடையுங்கள். ரப்பர் சீலில் தின்னர் படக்கூடாது. சீலுக்குக் கீழே ஆயில் ஈரம் தெரிந்தால் சீலை மாற்றிவிட்டுப் பெயிண்டுக்கு வாருங்கள். எண்ணெய் மேல் எந்தப் பெயிண்டும் நிற்காது.

[காட்சி: உப்புத்தாளால் தேய்ப்பது]

என்னைக் கேட்டால், மொத்த வேலையில் பாதி தேய்ப்பதில்தான் இருக்கிறது. 220 நம்பர் தாளால் வெள்ளைப் பொடி போகும் வரை தேயுங்கள். பிறகு 400. கடைசியாக 800, தண்ணீர் தொட்டு. பழைய பெயிண்டின் ஓரம் படிக்கட்டு போல நிற்காமல் சரிவாக இறங்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவுங்கள். விரல் எங்காவது தட்டினால் இன்னும் தேய்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அந்த ஓரம் பெயிண்ட் காய்ந்ததும் வளையம் போலத் தெரிந்துவிடும்.

கடுகு அளவுப் புள்ளி ஒன்றிரண்டுதான் என்றால் ஸ்பிரே வேண்டாம். பல்குத்தும் குச்சியின் முனையில் பிரைமரை, அதாவது பெயிண்டுக்கு முன் வைக்கும் அடிப்பூச்சைத், தொட்டு வையுங்கள். காய்ந்ததும் அதே மாதிரி பெயிண்டை இரண்டு மூன்று தடவை மெல்லியதாக வைத்தால் போதும்.

பெரிய இடமானால் ஸ்பிரேதான். பெயிண்ட் கடை அண்ணாச்சியிடம் வெறும் "பிரைமர்" என்று கேட்காதீர்கள். அலுமினியத்துக்கான எட்ச் பிரைமர் என்று சொல்லிக் கேளுங்கள். அதிலுள்ள அமிலம்தான் உலோகத்தைக் கவ்விப் பிடிக்கும். அதன் மேல் நேரடியாகக் குழி நிரப்பும் பட்டி வைக்காதீர்கள், அந்த அமிலம் பட்டியைச் சரியாக இறுக விடாது. தேய்த்த அலுமினியம் காற்றுப் பட்டதும் மறுபடி ஆக்சைடு போர்த்திக்கொள்ளும் என்பதால், தேய்த்த அன்றே பிரைமர் அடித்துவிடுங்கள்.

குரோம் பைப், சீல், டயர், பிரேக் டிஸ்க், டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பர் எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப்பும் செய்தித்தாளும் வைத்து மூடுங்கள். டிஸ்க்கில் பெயிண்ட் பட்டால் பிரேக் சரியாகப் பிடிக்காது. டப்பாவை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, கையை நிறுத்தாமல் மெல்லிய பூச்சாக அடியுங்கள். பூச்சுக்குப் பூச்சு பத்துப் பதினைந்து நிமிடம் இடைவெளி. கறுப்பு மூன்று பூச்சு, மேலே நிறமில்லாத கிளியர் இரண்டு.

நம் ஊர் ஆடிக் காற்றில் இதை வெளியே செய்யவே செய்யாதீர்கள். ஒரு ஆடி மாதம் வாசலில் வைத்து அடித்தேன். ஈரம் காய்வதற்குள் புழுதி முழுக்க ஒட்டி, முதலிலிருந்து தேய்க்க வேண்டியதாயிற்று. காற்று அடங்கிய விடியற்காலையில், தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு, கதவு திறந்த கொட்டகையில் முகக்கவசத்தோடு அடியுங்கள்.

ஒரு வாரம் வரை பெட்ரோல் துளி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிரேக் ஆயில் எப்போதுமே ஆகாது, பெயிண்டைத் தின்றுவிடும். காலிப்பரைக் கழற்றியிருந்தால் அது கையில் இருக்கும்போது லிவரை அமுக்காதீர்கள். திரும்ப மாட்டிய பின் லிவர் கெட்டியாகும் வரை நாலைந்து முறை அமுக்கிப் பார்த்துவிட்டு வண்டியை நகர்த்துங்கள்.