குடும்ப வழக்குகளின் நியாயாதிக்கமும் இடமாற்றமும்

(மட்டக்களப்பில் நடைபெற்ற சட்ட விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, மாதர் சங்கங்களிலிருந்து வந்திருக்கும் தாய்மாரே, இளம் சட்டத்தரணிகளே, வணக்கம்.

குடும்பப் பிணக்கு நீதிமன்றப் படியேறும்போது பெரும்பாலும் ஒரே வழக்காக ஏறுவதில்லை. வாகரையில் தாய் வீட்டில் பிள்ளைகளுடன் இருக்கும் மனைவி, வாழைச்சேனை நீதவான் நீதிமன்றத்தில் தாபரிப்பு, அதாவது வாழ்க்கைச் செலவுக்கான பணம், கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கொழும்பில் வசிக்கும் கணவர் அங்குள்ள மாவட்ட நீதிமன்றத்தில் விவாகரத்துக் கோருகிறார். இரண்டும் சட்டப்படி சரியே; எந்த நீதிமன்றம் எந்த வழக்கை விசாரிக்கலாம் என்ற நியாயாதிக்கம் இரண்டுக்கும் வேறுபடுகிறது. குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 597ஆம் பிரிவின்படி, வழக்கிடுபவர் தாம் வசிக்கும் இடத்து நீதிமன்றத்தில் விவாகரத்துக் கோரலாம். தாபரிப்போ 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டத்தின்படி நீதவானுக்கு உரியது.

1978ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க நீதித்துறைச் சட்டம் குடும்ப நீதிமன்றம் என்ற தனி அமைப்பை ஏற்படுத்தியது. ஆனால் சில ஆண்டுகளுக்குள்ளேயே அதன் அதிகாரம் மாவட்ட நீதிமன்றத்தைச் சேர்ந்துவிட்டது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்தபோது, வன்முறை செய்பவரைத் தடுக்கும் பாதுகாப்புக் கட்டளையை வழங்கும் அதிகாரமும் நீதவானிடமே போனது. கல்முனை, சம்மாந்துறைப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களுக்கு 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் காதி நீதிமன்றம் உண்டு; எனினும் பிள்ளை யாருடன் வளர்வது என்ற கட்டுக்காப்பு வழக்குக்கு அவர்களும் மாவட்ட நீதிமன்றத்துக்குத்தான் வர வேண்டும்.

அடிக்குப் பயந்து தாய் வீட்டுக்கு ஓடி வந்த பெண்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். அவர்கள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்து நீதவான் நீதிமன்றமே பாதுகாப்புக் கட்டளை விண்ணப்பத்தை ஏற்கலாம். சம்பவம் நடந்த ஊருக்குத் திரும்பிப் போகத் தேவையில்லை. இதை அறியாமல் எத்தனையோ பேர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள் என்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

வேறு மாவட்டத்தில் தொடரப்பட்ட வழக்கை இங்கு கொண்டுவர முடியுமா? முடியும். நீதித்துறைச் சட்டத்தின் 46ஆம் பிரிவு மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரத்தைத் தருகிறது. பக்கச்சார்பற்ற விசாரணை கிடைக்காது என்பது ஒரு காரணம். வேறு எக்காரணத்தாலாவது மாற்றுவது உசிதம் என்று தோன்றினாலும் நீதிமன்றம் கட்டளையிடலாம். கைக்குழந்தையுடன் 300 கிலோமீற்றருக்கு மேல் பயணம் செய்யும் தாயின் நிலை, சாட்சிகள் எல்லாரும் கிழக்கில் இருப்பது ஆகியவற்றை இந்த இரண்டாவது காரணத்தின் கீழ் ஆதாரங்களுடன் எடுத்துரைக்க வேண்டும். மொழியும் அதில் சேர வேண்டும். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை மொழிபெயர்ப்பு உரிமையைத் தருகிறது என்பது உண்மை. ஆனாலும் தன் இல்லற வாழ்வின் அந்தரங்கத்தை இன்னொருவர் வாய்வழியாக நீதிபதிக்குச் சொல்வது எத்தனை கடினம் என்பதை அனுபவித்தவர் அறிவார்.

இடமாற்ற மனுத் தாக்கல் செய்துவிட்டோம் என்று எண்ணிக் கொழும்பு வழக்கின் தவணைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். இடைநிறுத்தக் கட்டளை கிடைக்காதவரை அந்த வழக்கு நடந்துகொண்டே இருக்கும். நீங்கள் இல்லாமலே தீர்ப்பும் வந்துவிடலாம். இடமாற்றம் கிடைத்தாலும் விவாகரத்தை நீதவான் விசாரிக்கப் போவதில்லை. இரு வழக்குகளும் அருகருகே வரும், அவ்வளவே.

தமிழ்நாட்டுச் சட்டத்தரணிகளின் காணொளிகளைப் பார்த்துவிட்டு வருபவர்களிடம் ஒரு வார்த்தை. அவர்கள் விளக்கும் 1984ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டம் இந்தியாவுக்கு உரியது. அங்கு விவாகரத்தையும், ஜீவனாம்சம் எனப்படும் தாபரிப்பையும் ஒரே நீதிமன்றம் கேட்கலாம். இந்து திருமணச் சட்டத்தின் 21ஏ பிரிவு, கணவனும் மனைவியும் வெவ்வேறு நீதிமன்றங்களில் தொடுத்த விவாகரத்து மனுக்களில் பிந்தியதை முந்தியது இருக்கும் இடத்துக்கு மாற்றச் சொல்கிறது. அந்தப் பிரிவுகளைக் காட்டி இங்கு நிவாரணம் கேட்க முடியாது. ஆனால் அந்த ஏற்பாடு நமக்கும் வேண்டும் என்று கேட்கலாம். விவாகரத்து நிலுவையில் இருக்கும் குடும்பத்தின் தாபரிப்பையும் அதே மாவட்ட நீதிபதி விசாரிக்க வழிசெய்யும் திருத்தத்தைச் சட்டத்தரணிகள் சங்கமும் மாதர் அமைப்புகளும் சேர்ந்து நீதி அமைச்சிடம் கோர வேண்டும் என்பதே என் வேண்டுகோள். அதுவரை, அழைப்பாணை கைக்கு வந்த அன்றே அதை எடுத்துக்கொண்டு சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போங்கள்.