ஷக்திக்குப் பிந்தைய சங்கர்: மறுவெளியீடு வேண்டும் என்ற அணியின் உரை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மாலைக் கச்சேரியை விட்டுவிட்டு இந்த வழக்கைக் கேட்க வந்திருக்கும் மயிலாப்பூர் ரசிகப் பெருமக்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

இந்திய இசையையும் ஜாஸையும் இணைத்த ஷக்தி குழுவில் வயலின் வாசித்த எல். சங்கர், அக்குழு கலைந்த பிறகு 1979 முதல் 1985 வரை வெளியிட்ட தனி இசைத்தட்டுகள் இன்று மறுவெளியீடு பெறத் தகுதி உடையவையா என்பதுதான் தலைப்பு. உடையவை என்று வாதிட வந்திருக்கிறேன். எதிரணியின் முதல் பேச்சாளர், இவற்றில் பெரும்பாலானவை கைபேசியிலேயே கேட்கக் கிடைக்கும்போது தனியாக மறுவெளியீடு எதற்கு என்றார். அடுத்துப் பேசிய அம்மையார், முதல் தட்டு சங்கருடையதே அன்று, அது அதைத் தயாரித்த அமெரிக்க ராக் இசைக்கலைஞர் ஃபிராங்க் ஸாப்பாவினுடையது என்றார். மூன்றாமவர், நம் ஊர்ப் பழைய வித்வான்களின் ஒலிநாடாக்கள் கேட்பாரற்றுக் கிடக்கையில் வெளிநாட்டில் பதிவான தட்டுகளுக்கு என்ன அவசரம் என்று கேட்டுக் கைத்தட்டலும் வாங்கிவிட்டார். கைத்தட்டியவர்களில் என் அணியைச் சேர்ந்தவர் ஒருவரும் இருந்தார் என்பதை நடுவர் பொருட்படுத்த வேண்டாம்.

வழக்கின் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலேய கிதார் கலைஞர் ஜான் மெக்லாக்லின், எல். சங்கர், ஜாகிர் ஹுசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோர் சேர்ந்த ஷக்தியின் முதல் தட்டு, 1975 ஜூலையில் நியூயார்க் மாநிலத்துக் கல்லூரி ஒன்றில் மேடையிலேயே பதிவாகி, 1976இல் வெளிவந்தது. அதில் ராமநாதபுரம் ராகவனின் மிருதங்கமும் உண்டு. அதன் பிறகு இரண்டு தட்டுகள் வந்தன; 1970களின் முடிவுக்குள் குழு கலைந்தது. இருபது ஆண்டுகள் கழித்து மெக்லாக்லினும் ஜாகிரும் 'ரிமெம்பர் ஷக்தி' என்ற பெயரில் குழுவை மீண்டும் தொடங்கியபோது மாண்டலின் ஸ்ரீனிவாஸ் வந்தார், செல்வகணேஷ் வந்தார், சங்கர் மகாதேவன் வந்தார். வயலின் சங்கர் வரவில்லை. 2023இல் வெளியாகி அடுத்த ஆண்டு கிராமி விருது பெற்ற தட்டில் வயலின் வாசித்தவர் கணேஷ் ராஜகோபாலன். ஆகவே இன்றைய இளைஞர் ஒருவரிடம் "ஷக்தியின் சங்கர்" என்று சொன்னால் அவர் நினைப்பது பாடகர் சங்கர் மகாதேவனைத்தான். அந்த இளைஞரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு முன்னவரைக் காட்டிக்கொடுக்க நாம் எதையும் கடையில் வைத்திருக்கவில்லை.

அந்தக் குடும்பத்தையே நாம் பாதிதான் அறிவோம். யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்த வி. லட்சுமிநாராயணாவின் பிள்ளைகளில், அண்ணன் எல். வைத்தியநாதனை 'ஏழாவது மனிதன்' படத்தின் பாரதி பாடல்கள் வழியாகவும், 'மால்குடி டேஸ்' தொடரின் இசை வழியாகவும் வீட்டுக்கு வீடு அறிவார்கள். எல். சுப்ரமணியத்தை உலக மேடைகள் அறியும். 1950இல் இதே மெட்ராஸில் பிறந்த சங்கரை மட்டும் மெக்லாக்லினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவராகவே நினைவில் வைத்திருக்கிறோம். ஒரு குழுவிலிருந்து வெளியே வந்தவர் தனியாக என்ன செய்தார் என்று கேளாமல் அவரை எடைபோடுவது நியாயமன்று என்பதே எங்கள் அணியின் ஒரே வாதம். மற்றவை எல்லாம் அதற்கான சான்றுகள்.

முதல் சான்றாக, 1981இல் ஜெர்மனியின் இ.சி.எம். நிறுவனம் வெளியிட்ட 'ஹூஸ் டு நோ' என்ற தட்டை எடுத்துக்கொள்கிறேன். என் நேரத்தில் பெரும்பகுதியை இதற்கே செலவிடப் போகிறேன் என்று நடுவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இதில் கிதார் இல்லை, டிரம்ஸ் இல்லை. உமையாள்புரம் சிவராமன் மிருதங்கம், ஜாகிர் ஹுசேன் தபலா, தாளத்தை நடத்திச் செல்வதற்குத் தந்தை லட்சுமிநாராயணா. ஒரு பக்கம் முழுவதும் ராகம் தானம் பல்லவி. மறுபக்கம் முழுவதும் 'ஆனந்த நடமாடும் பாதம்'. மியூசிக் அகாடமியில் மாலைக் கச்சேரியின் நடுநாயகமாக ஒரு மணி நேரம் நிற்கக்கூடிய உருப்படியை, 20 முதல் 25 நிமிடம் மட்டுமே இடம் தரும் தட்டின் ஒரு பக்கத்துக்குள் அமைக்க வேண்டுமானால், ராக ஆலாபனையில் எதை விடுவது, தானத்தை எவ்வளவில் நிறுத்துவது, பல்லவியை எந்த இடத்தில் எடுப்பது என்று ஒவ்வொன்றையும் முன்னரே தீர்மானிக்க வேண்டும். வெட்டியது தெரியாமல் வெட்டுவது லேசான வேலை இல்லை. அதைச் செய்ய முடிந்ததற்குத் தாளம் போட அருகில் இருந்த தந்தையின் கையும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

அந்தத் தட்டில் அவர் வாசிப்பது சாதாரண வயலினையும் அன்று. அமெரிக்கக் கிதார் கைவினைஞர் கென் பார்க்கர் உருவாக்கிக் கொடுத்த, இரண்டு கழுத்துகளும் பத்துத் தந்திகளும் கொண்ட இரட்டை வயலின் அது. இதன் அருமையைச் சென்னை ரசிகர்களுக்கு விளக்குவது எளிது. நம் வித்வான்கள் வயலினின் நான்கு தந்திகளை மந்திர ஷட்ஜம், மந்திர பஞ்சமம், மத்திய ஷட்ஜம், மத்திய பஞ்சமம் என்று, அதாவது கீழ் ஸ்தாயியின் ஸ, ப, நடு ஸ்தாயியின் ஸ, ப என்று சேர்க்கிறார்கள். மந்திர ஷட்ஜத்துக்குக் கீழே வயலினுக்கு வழி இல்லை. வீணைக்கு அதற்கும் கீழே அனுமந்திர பஞ்சமத் தந்தி இருக்கிறது. வாய்ப்பாட்டுக்காரர் சாரீரம் இடம் கொடுத்தால் இறங்கிப் பார்ப்பார். வயலின்காரர் மட்டும் அந்த வாசலில் நின்று திரும்பிவிட வேண்டியதுதான். இரட்டை வயலினோ, வயலின், வியோலா, செல்லோ, டபுள் பாஸ் ஆகிய நான்கின் எல்லையையும் ஒருவர் கைக்குள் கொண்டுவருகிறது. செல்லோ இறங்கும் ஆழத்தில் நம் கமகம் எப்படி ஒலிக்கும், வில் அங்கே எவ்வளவு மெதுவாகச் செல்ல வேண்டும், மிருதங்கத்தின் தொப்பி, அதாவது இடப்பக்கம், அதே ஆழத்தில் பேசும்போது இரண்டும் மோதிக்கொள்ளாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்ற கேள்விகள் ராகம் தானம் பல்லவிக்குள்ளேயே எழுந்து, அங்கேயே விடை தேடிய பதிவு இது. கர்நாடக வயலினின் கதையை எழுத உட்காரும் எவரும் இதைத் தாண்டிப் போக முடியாது.

இங்கேதான் "கைபேசியில் கிடைக்கிறதே" என்ற வாதத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். கைபேசியில் 'ராகம் தானம் பல்லவி' என்று ரோமன் எழுத்தில் ஒரு வரி ஓடும். அதற்கு மேல் ஒன்றும் இராது. என்ன ராகம், என்ன தாளம், பல்லவி வரி என்ன, அது தாளத்தில் தொடங்கும் எடுப்பு எங்கே? கச்சேரிக்குக் குறிப்பேடு எடுத்துப்போய் உருப்படிக்கு உருப்படி ராகம் குறித்துக்கொள்ளும் ஊரில், இத்தனையும் இல்லாமல் ஒரு பல்லவியைக் கையில் கொடுத்துவிட்டு, கிடைக்கிறதே என்று சொல்வது சரியா? மறுவெளியீடு என்று நாங்கள் கேட்பது வெறும் கறுப்பு வட்டத்தை அன்று. மூல ஒலிநாடாவிலிருந்து கவனமாக எடுத்த ஒலி, பக்கவாத்தியக் கலைஞர்களின் பெயர்கள், அந்த இசையை உள்ளிருந்து அறிந்த ஒருவர் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதும் குறிப்பு ஆகியவை சேர்ந்த பதிப்பைக் கேட்கிறோம்.

இன்னொன்றையும் எதிரணியினர் மறந்துவிட்டார்கள். இ.சி.எம். நிறுவனம் 2017 நவம்பர் வரை தன் தட்டுகளை இணையத்தில் கேட்பதற்கு விடாமலேயே வைத்திருந்தது. ஓர் அலுவலகத்தின் முடிவால் வந்தது, இன்னொரு முடிவால் போகவும் கூடும். அதே நிறுவனம் 2023இல் 'லூமினெசன்ஸ்' என்ற பெயரில் பழைய தட்டுகளைப் புதிய குறிப்புகளோடு மீண்டும் அச்சிடத் தொடங்கி, முதலில் வெளியிட்டவற்றுள் ஒன்றாக பிரேசில் நாட்டு பெரிம்பாவ் கலைஞர் நானா வாஸ்கொன்செலோசின் 1980ஆம் ஆண்டுத் தட்டைத் தேர்ந்தெடுத்தது. ஒற்றைத் தந்தி வில்வாத்தியத்துக்கு அந்த வரிசையில் இடம் உண்டென்றால், பத்துத் தந்தி வயலினுக்கும் ஓர் இடம் கேட்பது பேராசை ஆகாது.

அடுத்து, அம்மையார் குறைகூறிய 1979ஆம் ஆண்டின் 'டச் மீ தேர்'. ஸாப்பா தயாரித்து, தம் சொந்த நிறுவனத்தின் பெயரில் வெளியிட்டது என்பது உண்மை. அதன் பாடல் வரிகளில் சில என் ரசனைக்கும் ஒவ்வாதவை; வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போது நான் அதைப் போடுவதில்லை. ஆனால் அதனால்தான் அதற்கு நல்ல பதிப்பு தேவைப்படுகிறது. அதில் 'டெட் கேர்ல்ஸ் ஆஃப் லண்டன்' என்ற பாட்டை முதலில் பாடியவர் வட அயர்லாந்துப் பாடகர் வான் மாரிசன். அவருடைய இசை நிறுவனம் இணங்காததால் அந்தக் குரல் நீக்கப்பட்டு, ஐக் வில்லிஸும் ஸாப்பாவும் பாடிய வடிவம் தட்டில் ஏறியது. ஸாப்பா தம் பெயரைக்கூடப் போடாமல் 'ஸ்டக்கோ ஹோம்ஸ்' என்ற புனைபெயரில் ஒளிந்துகொண்டார். சைமன் ஃபிலிப்ஸின் டிரம்ஸுக்கு நடுவே மெட்ராஸ் வில் ஒன்று எந்தெந்த இடத்தில் தன் வழியில் போகிறது, எங்கெங்கே தயாரிப்பாளரின் விருப்பத்துக்கு வளைகிறது என்பதைப் பிரித்துக் காட்டும் குறிப்பு இல்லாததால்தான் அம்மையாரும் முழுத் தட்டையும் ஸாப்பாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். தயாரிப்பாளரின் நிழல் விழுந்த தட்டு கலைஞருடையது அன்று என்றால், நம் திரையிசையில் பாடகர்கள் யாருக்கும் பெயரே மிஞ்சாது.

1983ஆம் ஆண்டின் 'விஷன்' பற்றி ஒன்றே ஒன்று சொல்வேன். நார்வேயின் யான் கார்பரெக் சாக்சபோனுடனும், டென்மார்க்கின் பாலே மிக்கல்போர்க் டிரம்பெட்டுடனும் சங்கர் வாசித்திருக்கும் அதில் தனியாகத் தாள வித்வான் எவரும் இல்லை. தனி ஆவர்த்தனம் இல்லாமல் கச்சேரியே நிறைவதில்லை என்று நினைக்கும் மரபிலிருந்து வந்தவர், தாள வித்வானின் துணையை விட்டுவிட்டு, பெரும்பாலும் தந்தியும் காற்றும் கொண்டு ஒரு தட்டை நிரப்பத் துணிந்திருக்கிறார். எனக்கு அதில் சில இடங்கள் நீளமாகவே படுகின்றன. இருந்தாலும் 'ஹூஸ் டு நோ' வெளிவந்து இரண்டே ஆண்டுகளில் இப்படித் திரும்பியவரை, ஷக்தியின் எச்சம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஜாகிரும் தாளக் கலைஞர் டிரிலோக் குர்டுவும் சேர்ந்த 1985ஆம் ஆண்டின் 'சாங் ஃபார் எவ்ரிஒன்' இந்த நான்கில் கேட்பதற்கு மிக எளியது. அதற்கு என் வாதம் தேவைப்படாது.

மூன்றாம் பேச்சாளரின் ஆதங்கத்தை நான் மதிக்கிறேன். நம் வித்வான்களின் பழைய பதிவுகள் காப்பாற்றப்பட வேண்டும் என்பதில் இந்த மேடையில் இரண்டு அணி இல்லை. ஆனால் மியூனிக் நகரத்து நிறுவனம் தன் பெட்டகத்தில் இருக்கும் தட்டை மீண்டும் அச்சிடுவதற்கும், இங்குள்ள நிலையங்களின் ஒலிநாடாக்களைச் சீர்செய்வதற்கும் பணம் ஒரே பையிலிருந்து வருவதில்லை. இதை நிறுத்தினால் அது நடந்துவிடும் என்று அவர் காட்டியிருந்தால் நானும் எதிரணிக்கே போயிருப்பேன். மேலும், உமையாள்புரம் சிவராமனும் லட்சுமிநாராயணாவும் நம் ஊர் வித்வான்கள் இல்லையா? அவர்கள் கை பதிந்த தட்டு வெளிநாட்டில் அச்சானதாலேயே அந்நியமாகிவிடுமா?

வாங்குவார் யார் என்று ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. அமெரிக்க ராக் குழுவான பீச் பாய்ஸின் டிரம்ஸ் கலைஞர் டென்னிஸ் வில்சன் 1977இல் வெளியிட்ட தனித்தட்டு பல காலம் கடைகளில் கிடைக்காமல் இருந்து, 2008இல் புதிய பதிப்பாக வந்தது. பேர்ட்ஸ் குழுவிலிருந்து வெளியேறிய ஜீன் கிளார்க்கின் 1974ஆம் ஆண்டுத் தட்டு, வந்தபோது விலைபோகாமல், 2019இல் மீண்டும் அச்சேறியது. இரண்டுக்கும் அதற்குப் பிறகு வாங்குவோர் வந்தார்கள்; முதலில் யாரோ ஒருவர் அச்சிட வேண்டியிருந்தது. நம் ஊரில் இறக்குமதித் தட்டின் விலையைப் பார்த்துத் தயங்குபவர்கள்தான் அதிகம் என்பதை நான் அறியாதவன் அல்லன். அதனால் ஆயிரக்கணக்கில் அச்சிடும்படி நாங்கள் கேட்கவில்லை. அளவாக அச்சிட்டு, குறிப்பேட்டை மட்டும் தனியாகவும் குறைந்த விலைக்குத் தரலாம்.

வெளியிட்ட நிறுவனங்கள் வேறு வேறு என்பதால் நான்கையும் ஒரே பெட்டியில் அடைப்பது எளிதன்று. ஆகவே நடுவர் அவர்களே, எங்கள் அணிக்குச் சாதகமாகத் தீர்ப்பு வழங்கும்போது 'ஹூஸ் டு நோ' தட்டை முதலிலும், இ.சி.எம். நிறுவனத்தின் மற்ற இரண்டை அடுத்தும், 'டச் மீ தேர்' தட்டைக் கடைசியிலும் வைத்து அந்த வரிசையையும் தீர்ப்பிலேயே சேர்த்துவிடுமாறு கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.